ஹைபிரிட் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் அண்ணாச்சி!

போன வாரம் ராத்திரி பத்தரை மணி. சின்னதை இப்பத்தான் தூங்க வெச்சிருந்தோம். புனேயிலிருந்து மச்சினன் போன். "அத்தான், வண்டி புக் பண்ணிட்டேன். ஹைபிரிட்!" குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"நல்லது மாப்ள. ஹேட்ச்பேக்தானே பாத்துட்டு இருந்தே?"

"ஆமா அத்தான். ஆனா ஹைபிரிட்ல ஹேட்ச்பேக் இல்லையாம். அதனால பெரிய வண்டியா எடுத்துட்டேன். ரெண்டாவது குழந்தையும் வரப்போகுது, குடும்பம் பெருசாகுதுல்ல. பெட்ரோல் மிச்சமாகுமே!"

எட்டு லட்ச ரூபாய் வண்டி பார்க்கப் போனவன், பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக இருபது லட்ச ரூபாய் வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறான். மூணு லட்சம் கையிலிருந்து, பதினேழு லட்சம் கடன், 84 மாசத் தவணை. கடன் பேப்பரில் கையெழுத்து வெள்ளிக்கிழமையாம்.

நான் கோவில்பட்டியில் பி.காம் படிச்சவன். இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறேன். இப்போது நாக்பூர், இது அஞ்சாவது டிரான்ஸ்பர். எனக்கும் வண்டி வாங்க வேண்டிய நேரம்தான். மூத்தவளுக்கு ஒன்பது வயசு, சின்னவனுக்கு எட்டு மாசம், முழங்கால் வலியோடு ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை அடுத்த மாசம் கூட்டி வருகிறோம். ஆக மூணு அஞ்சாகிறது. நானும் மூணு மாசமாக ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்தப் புலம்பல். மச்சினனுக்கு மட்டும் இல்லை, அவனை மாதிரி வெளியூரில் உட்கார்ந்து இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் எல்லா நம்மவர்களுக்கும்.

முதலில் இந்த 'ஹைபிரிட்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

ஒரு ஷோரூமில் (பேர் வேண்டாம்) சேல்ஸ் தம்பி என்னிடம் சொன்னார், "சார், சிக்னல்ல நின்னா இன்ஜின் தானா ஆஃப் ஆகும், கிளட்ச் அமுக்கினா ஸ்டார்ட் ஆகும். இதுவும் ஒரு வகை ஹைபிரிட்தான் சார்." அடப்பாவி! சிக்னலில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணும் ஆட்டோக்காரர் ஓட்டுவதும் அப்போ ஹைபிரிட்தானா? :-)

விஷயம் இதுதான். மைல்டு ஹைபிரிட் என்று ஒன்று. இதில் ஸ்டார்ட்டர், ஜெனரேட்டர் ரெண்டு வேலையையும் ஒரே சின்ன மோட்டார் பார்க்கும். பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் கரண்ட் சேர்த்துக்கொள்ளும், கிளம்பும்போது இன்ஜினுக்குக் கை கொடுத்துத் தள்ளிவிடும். அவ்வளவுதான். அந்த மோட்டாரை மட்டும் வைத்து வண்டி ஒரு அடி நகராது. ஸ்ட்ராங் ஹைபிரிட் என்பது இன்னொன்று. அதில் பேட்டரியும் பெரிசு, மோட்டாரும் பெரிசு. மெதுவாகப் போகும்போது இன்ஜின் அணைந்தே கிடக்கும், வண்டி கரண்டிலேயே ஓடும். சார்ஜ் போடும் வேலை இல்லை, ஓடுகிற ஓட்டத்திலும் பிரேக்கிலும் தானே ஏற்றிக்கொள்ளும். 1997-ல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்ததே, அந்த வம்சம்.

ரெண்டும் ஹைபிரிட். ஆனால் அதற்கும் இதற்கும் உள்ள தூரம், மோர் மிளகாயில் இருக்கும் மோருக்கும் தயிர் சாதத்தில் இருக்கும் தயிருக்கும் உள்ள தூரம். அரசாங்கமே ஒருமுறை இதில் ஏமாந்தது. 2015-ல் ஃபேம் திட்டம் வந்தபோது மைல்டு ஹைபிரிட்டுக்கும் மானியம் கொடுத்தார்கள். ரெண்டு வருஷம் கழித்து, 2017-ல்தான் விழித்துக்கொண்டு அதைப் பட்டியலிலிருந்து தூக்கினார்கள். அரசாங்கத்துக்கு ரெண்டு வருஷம் ஆன விஷயம், நமக்கு ஷோரூமில் அரை மணியில் புரியுமா?

சரி, ஹேட்ச்பேக்குக்கு வருவோம்.

நம் நாட்டில் ஹேட்ச்பேக்கில் ஹைபிரிட் என்று வந்தது மைல்டு வகைதான். 2019-ல் பலேனோவில் கொடுத்தார்கள். 2022-ல் புது மாடல் வந்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள். சாமானியன் வாங்கும் விலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட் ஹேட்ச்பேக், நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் இல்லை. இருப்பதெல்லாம் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி (மூணுமே 2022-ல் வந்தவை), அப்புறம் இன்னோவா ஹைகிராஸ் வகையறா. எல்லாம் நாலு மீட்டருக்கு மேல்.

தொழில்நுட்பம் இல்லாமலா? ஐரோப்பாவில் டொயோட்டா யாரிஸ் ஹைபிரிட் 2012-லிருந்தே ஓடுகிறது. ஹோண்டா ஜாஸில் ஹைபிரிட் இருக்கிறது. நம் ஊரிலோ ஜாஸையே 2023-ல் மூட்டை கட்டிவிட்டார்கள். பக்கத்தில் இலங்கைக்குப் போனால் டொயோட்டா அக்வா தெருவுக்குத் தெரு நிற்கும், அது ஹைபிரிட் ஹேட்ச்பேக்தான். நமக்கு மட்டும் ஏன் இல்லை?

வரி ஒரு காரணம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பெரிய ஹைபிரிட் வண்டிக்கு செஸ்ஸோடு சேர்த்து 43 சதவீதம் போட்டார்கள். எலக்ட்ரிக் வண்டிக்கு 2019-லிருந்து 5 சதவீதம். ரெண்டும் பெட்ரோலைக் குறைக்கத்தான், ஆனால் ஒருத்தி சுயோராணி, இன்னொருத்தி மாற்றாந்தாய்ப் பிள்ளை. 2025 செப்டம்பர் 22-லிருந்து கணக்கு மாறிவிட்டது. நாலு மீட்டருக்குள், 1200 சி.சி.க்குள் இருந்தால், பெட்ரோலானாலும் பெட்ரோல் ஹைபிரிட்டானாலும் 18 சதவீதம். அதற்கு மேல் போனால் 40. அதாவது, சின்ன ஹைபிரிட் கொண்டுவர வாசல் திறந்தாச்சு. இனி கம்பெனிக்காரர்கள் வரியைக் காட்டிச் சாக்குச் சொல்ல முடியாது. கொண்டு வாங்கய்யா, வாங்க நாங்க இருக்கோம்.

ஆனால் அவர்கள் கொண்டுவரும்வரை நடப்பது என்ன? இதுதான் என் முக்கியமான சண்டையே. ஹைபிரிட் ஹேட்ச்பேக் கேட்டுப் போகிறவனை, "ஹேட்ச்பேக்ல இல்ல சார், ஆனா..." என்று ஆரம்பித்து அப்படியே ரெண்டு படி மேலே ஏற்றி விடுகிறார்கள். அவன் ஆசைப்பட்டது சிக்கனம். கையில் கிடைப்பது பத்து லட்சம் கூடுதல் கடன்.

கணக்கைப் பார்த்துவிடுவோமா? பேப்பர் பேனா எடுத்துக்கோங்க. பெட்ரோல் லிட்டர் ரவுண்டாக 100 ரூபாய். மாசம் 1,000 கிலோமீட்டர், வருஷம் 12,000.

சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக், ஊருக்குள் நிஜத்தில் 16 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 750 லிட்டர், 75,000 ரூபாய்.

பெரிய ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டி, கம்பெனி சொல்வது 27.97. அது சோதனைக்கூடத்துக் கணக்கு. நமக்கு 21 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 571 லிட்டர், 57,100 ரூபாய்.

மிச்சம் வருஷத்துக்கு 17,900. மாசத்துக்கு 1,490 ரூபாய் சொச்சம்.

இந்த 1,490-ஐ மிச்சம் பிடிக்கக் கூடுதலாக வாங்கும் கடன் பத்து லட்சம். 9 சதவீத வட்டி, 84 மாசம் என்றால் அந்தப் பத்து லட்சத்துக்கு மட்டும் இ.எம்.ஐ. 16,089 ரூபாய்.

மறுபடி படிங்க. மாசம் 16,089 கட்டி 1,490 மிச்சம் பிடிக்கிறோம். இதுக்குப் பேர் சிக்கனமா? எங்க ஊர்ப் பக்கம் இதை வேற மாதிரி சொல்லுவாங்க, இங்கே எழுத முடியாது.

"அத்தான், கத்தரிக்காயையும் பூசணிக்காயையும் ஒப்பிடலாமா? இது பெரிய வண்டி, அது சின்ன வண்டி"ன்னு மச்சினன் கேட்டான். நியாயமான கேள்வி. பெரிய வண்டிதான் வேணும், இடம் வேணும், அதுக்கு வசதி இருக்கு என்றால் தாராளமா வாங்கு, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் "பெட்ரோல் மிச்சம்" என்று காரணம் சொல்லாதே. அந்தக் காரணம்தான் பொய். கத்தரிக்காய் வாங்கப் போனவனைப் பூசணிக்காய் வாங்க வைத்ததே அந்தப் பொய்தான்.

நாளைக்கே ஸ்ட்ராங் ஹைபிரிட் ஹேட்ச்பேக் வருகிறது, 25 கொடுக்கிறது என்றே வைப்போம். வருஷத்துக்கு 480 லிட்டர்தான், மிச்சம் 270 லிட்டர், 27,000 ரூபாய். சாதாரண மாடலைவிட ரெண்டு லட்சம் கூடுதல் என்றால், போட்ட காசு திரும்ப ஏழரை வருஷம். (ஏழரை! பேரைப் பார்த்தீங்களா?) ஒரு லட்சம்தான் கூடுதல் என்றால் நாலு வருஷத்துக்குள் வந்துவிடும். அப்படி வந்தால் வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன். ஆக நான் ஹைபிரிட்டுக்கு எதிரி இல்லை. எனக்கு விரோதம் அந்த ஸ்டிக்கரோடு.

அடுத்த ஆயுதம் சுற்றுச்சூழல். "பூமிக்கு நல்லது அத்தான்." நல்லதுதான், கிண்டல் பண்ணவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரித்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. 179 லிட்டர் மிச்சம் என்றால் வருஷத்துக்கு 410 கிலோ. சின்ன விஷயம் இல்லை. ஆனால் இதைச் செய்யப் பத்து லட்சம் வேணுமா? என் கிளைக்குப் போக வர 24 கிலோமீட்டர். வாரத்தில் மூணு நாள் மெட்ரோவில் போனால், வருஷத்துக்கு 48 வாரம் என்று வைத்தாலும் 3,456 கிலோமீட்டர் வண்டி ஓடாது. 216 லிட்டர் மிச்சம். ஹைபிரிட் மிச்சம் பிடிப்பதைவிட அதிகம். நாக்பூரில் மெட்ரோ 2019-லிருந்து ஓடுகிறது. புனேயிலும் இருக்கிறது. பூமி மேல் அக்கறை இருந்தால் முதலில் அதில் ஏறிப் பார்க்கலாம்.

இன்னும் ஒன்று. மச்சினன் வாரத்தில் மூணு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். அவன் ஆபீஸ் எட்டு கிலோமீட்டர். மாசம் ஐந்நூறு ஓட்டினால் அதிகம். மேலே சொன்ன 1,490 அவனுக்குப் பாதியாகிவிடும். இ.எம்.ஐ. பாதியாகுமா?

அப்புறம் நம்மவர்களின் பிரம்மாஸ்திரம்: "ஊருக்குப் போகணும்ல!"

இதில் நானும் குற்றவாளி. நாக்பூர் வழியாகப் போகும் அதே என்.ஹெச். 44 தான் ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை தாண்டி எங்க கோவில்பட்டி வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் அம்மா வீட்டு வாசலில் விடலாம் என்று ஆயிரம் தடவை கனவு கண்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் ஒருமுறை பழைய வண்டியில் போகவும் செய்தோம். ரெண்டு நாள். போய்ச் சேர்ந்ததும் முதல் நாள் முழுக்கத் தூக்கம், கடைசி நாள் கிளம்பும் கவலை. நடுவில் இருந்த நாளெல்லாம் வண்டியைப் பார்க்க வந்தவர்களுக்குக் காபி போட்டே தீர்ந்துபோனது. அதுக்கப்புறம் ரயில்தான்.

வருஷத்தில் பத்து நாள் ஊருக்குப் போவதற்காக மிச்ச 355 நாளும் தேவைக்கு மேல் பெரிய வண்டியை இழுத்துக்கொண்டு திரிகிறோம். அதுவும் ஹைபிரிட்டின் பலம் நின்று நின்று போகும் ஊர் நெரிசலில்தான். பிரேக் பிடித்தால்தானே கரண்ட் சேரும்? நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பெரும்பாலும் இன்ஜின்தான் வேலை செய்யும், லாபம் குறைந்துவிடும். போதாக்குறைக்குப் பேட்டரி பின்னால் உட்கார்ந்து டிக்கியில் இடத்தை முழுங்கும் வண்டிகளும் உண்டு. ஊருக்குப் போவதற்காக ஹைபிரிட் வாங்குகிறேன் என்பது, அதன் பலவீனத்துக்குக் காசு கொடுத்து வாங்குவது.

உண்மையைச் சொல்லட்டுமா? நாம் ஊருக்கு வண்டியில் போவது போவதற்காக இல்லை. காட்டுவதற்காக. வெளியூரில் பதினைந்து வருஷம் இருந்தாயே, என்ன சம்பாதித்தாய் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நாமே பதில் சொல்ல ஆசைப்படுகிறோம். அந்தப் பதிலுக்கு நாலு சக்கரம், பின்னால் ஒரு பச்சை இலை ஸ்டிக்கர். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபப்படாதீங்க.

ஏன் இவ்வளவு காட்டமாக எழுதுகிறேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சில மாசத்துக்கு முன் கிளையில் ஒரு பையன் வந்தான். (அடையாளம் தெரியாமல் மாற்றித்தான் சொல்கிறேன்.) என் மேஜையில் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, "சார் தமிழா?" என்றான். அந்த ஒரு வார்த்தையில் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியும்விட்டது. தெரிந்த பாஷைக்காரனிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று. நகைக்கடன் கேட்டு வந்திருந்தான். குழந்தை பிறந்து மனைவி வேலையை விட்டுவிட்டாள். ரெண்டு சம்பளத்தில் கணக்குப் போட்டு எடுத்த கார் கடன், இப்போது ஒரு சம்பளத்தில் ஓடுகிறது. கைக்குட்டையில் சுற்றி நாலு வளையல். அப்ரைசர் உரைத்துப் பார்க்கும் சத்தம் கேட்கும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "மைலேஜ் நல்லா வருது சார்" என்றான் சம்பந்தமில்லாமல்.

அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. வளையலை அடகு வைப்பது குற்றமில்லை. பிள்ளை படிப்புக்கு, அப்பா ஆபரேஷனுக்கு நாம் எல்லோரும் வைத்ததுதான். ஆனால் ஒரு காருக்கா? என் மச்சினனுக்கும் ரெண்டாவது குழந்தை வருகிறது. அவன் கணக்கும் ரெண்டு சம்பளக் கணக்குதான்.

இனி கடன் விஷயம். இது என் தொழில், அதனால் கவனமாகக் கேளுங்க.

ஒன்று: ஷோரூமில் "5 பெர்சன்ட்தான் சார்" என்றால், ஃப்ளாட்டா, குறையும் பாக்கிக்கா என்று கேளுங்க. அஞ்சு லட்சம், அஞ்சு வருஷம், ஃப்ளாட் 5 சதவீதம் என்றால் வட்டி 1,25,000. மாசம் 10,417. இதே தவணையைக் குறையும் பாக்கிக் கணக்கில் பார்த்தால் வட்டி 9 சதவீதத்தையும் தாண்டுகிறது. ஐந்தைச் சொல்லி ஒன்பதை வாங்குகிறார்கள். பொய் சொல்லவில்லை, முழுசா சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ரெண்டு: 84 மாசம். தவணை சின்னதாகத் தெரிவதற்காக வந்த வித்தை இது. மச்சினன் கணக்கில் 17 லட்சத்துக்கு மாசம் 27,351. ஏழு வருஷத்தில் வட்டி மட்டும் ஆறு லட்சத்தை ஒட்டி. அந்த ஆறு லட்சத்தோடு கொஞ்சம் சேர்த்தால் அவன் முதலில் பார்க்கப் போன ஹேட்ச்பேக்கே வந்திருக்கும்!

மூணு வருஷம் ஒழுங்காகக் கட்டிய பிறகு பாக்கி எவ்வளவு? கட்டியது 9 லட்சத்து 84 ஆயிரம். பாக்கி கிட்டத்தட்ட 11 லட்சம். முதல் வருஷங்களில்தான் வட்டி அதிகம் போகும், அசல் மெதுவாகத்தான் கரையும். அந்த மூணாவது வருஷம் வேலை போனாலோ, வேறு ஊர் மாற்றினாலோ, வண்டியை விற்றுக் கடனை அடைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. வண்டி விலை முதல் நாளிலிருந்தே இறங்குகிறது. கடன் அந்த வேகத்தில் இறங்குவதில்லை. பி.காம் முதல் வருஷத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டே, அதைப் பரீட்சைக்கு மட்டும் படிச்சிருக்கோம்.

மூணு: வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி, வண்டி நம்பர். ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை 12 மாசத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்யணும், சட்டம் அப்படி. என்.ஓ.சி. வாங்கணும், புது மாநிலத்தில் வரி கட்டணும், பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்கணும். முந்தின டிரான்ஸ்பரில் நான் அதைக் கேட்டு அலைந்த கதையைத் தனியாக ஒரு புலம்பலாகவே எழுதலாம். எந்த ஊர் ஆர்.டி.ஓ. என்று சொல்ல மாட்டேன், நாளைக்கு மறுபடி அங்கேயே போட்டுவிட்டால்? 2021-ல் வந்த பி.ஹெச். சீரிஸ் நம்பர் நம்மைப் போன்றவர்களுக்கு வரம். அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கும், நாலு மாநிலத்திலோ அதற்கு மேலோ ஆபீஸ் வைத்திருக்கும் தனியார் கம்பெனி ஊழியர்களுக்கும் உண்டு. ரெண்டு ரெண்டு வருஷமாக வரி கட்டலாம். அதிலும் விலையைப் பார்த்துத்தான் வரி: பத்து லட்சத்துக்குக் கீழே 8 சதவீதம், இருபது வரை 10, அதற்கு மேல் 12. பெரிய வண்டி, பெரிய விகிதம்.

சரி, எல்லாத்தையும் குறை சொல்லிட்டியே, பெருகும் குடும்பத்துக்கு என்னதான் வாங்கணும் என்பீர்கள். வண்டி பேர் சொல்ல மாட்டேன், கம்பெனிக்காரன் காசு கொடுத்தான் என்று கிளப்பிவிடுவீர்கள். பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

ஷோரூமுக்குத் தனியாகப் போகாதீங்க. மொத்தக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு, குழந்தை சீட்டையும் தூக்கிக்கொண்டு போங்க. பின் சீட்டில் குழந்தை சீட்டை மாட்டிவிட்டு, பக்கத்தில் அம்மாவையும் பெரிய பிள்ளையையும் உட்காரச் சொல்லுங்க. ஹேட்ச்பேக்கில் பின்னால் ரெண்டு குழந்தை சீட்டும் நடுவில் பாட்டியும் என்பது நடக்காத காரியம். அது முன்கூட்டியே தெரியட்டும். நடு சீட்டுக்கும் மூணு முனை பெல்ட் இருக்கா, ஐசோஃபிக்ஸ் கொக்கி கைக்கு எட்டுகிறதா, ஆறு ஏர்பேக் நீங்கள் வாங்கும் மாடலிலேயே இருக்கா என்று பாருங்க. மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று கேளுங்க. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. கைக்குழந்தையைப் பின்பக்கம் பார்த்த சீட்டில், பின் சீட்டில்தான் வைக்கணும். ஏர்பேக் இருக்கும் முன் சீட்டில் வைக்கவே கூடாது. 14 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பெல்ட்டோ சீட்டோ இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தத்தில் இருக்கிறது. அபராதத்துக்காக இல்லை, பிள்ளைக்காக.

இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகு, மிச்சம் இருந்தால் மைலேஜைப் பாருங்க.

ஹைபிரிட் யாருக்குச் சரி? பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு மாதிரி இடத்தில் தினம் அறுபது கிலோமீட்டர் நின்று நின்று ஓட்டுகிறவர், எட்டுப் பத்து வருஷம் அதே வண்டியை வைத்திருக்கப் போகிறவர், பெரிய வண்டியே தேவைப்படுகிறவர், கையில் பாதிப் பணம் வைத்திருக்கிறவர். அவருக்கு அது தங்கமான வண்டி. பேட்டரிக்கு 8 வருஷம் வாரண்டி தருகிறார்கள், பயமும் வேண்டாம். சொந்த வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால் எலக்ட்ரிக்கையும் பார்க்கலாம். வாடகை அபார்ட்மெண்டில் சொசைட்டி செக்ரட்டரியிடம் பிளக் பாயிண்ட்டுக்கு அனுமதி கேட்டு நிற்கும் நமக்கு அது இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

நான் எடுத்திருக்கும் முடிவு: சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக், பி.ஹெச். நம்பர், பாதிக்குக் கொஞ்சம் மேல் கைப்பணம், மீதி நாலு வருஷக் கடன். ஊருக்கு ரயில். கூடுதலாகக் கட்டியிருக்க வேண்டிய 16,089-ல் பாதி மூத்தவள் படிப்புக் கணக்குக்கும் மீதி அம்மா மருத்துவச் செலவுக்கும்.

இதையெல்லாம் போனில் மச்சினனிடம் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "அத்தான், எல்லாத்தையும் லெட்ஜராவே பாக்காதீங்க. எனக்கும் ஆசைன்னு ஒண்ணு இருக்காதா?" என்றான். போனை வைத்துவிட்டான். வீட்டில் தங்கமணி முகம் ரெண்டு நாளாகச் சரியில்லை. "அவன் சந்தோஷமா சொன்னதுக்கு நீங்க இப்படியா பேசுவீங்க"ன்னு. நியாயம்தான். நான் ஆசைக்கு வரவு வைக்கத் தெரியாதவன்.

வியாழக்கிழமை ராத்திரி மறுபடி போன். அதே பத்தரை மணி.

"அத்தான்... அந்த ஃப்ளாட் ரேட்டுன்னு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் மறுபடி சொல்லுங்க. இந்த பேப்பர்ல எங்கே பாக்கணும்?"

சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னேன். பன்னிரண்டு மணி ஆச்சு. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடவில்லையாம். என்ன வாங்குவான் என்று தெரியாது. கேட்கவும் மாட்டேன். கையெழுத்துக்கு முன்னால் வாசித்தான், அது போதும்.

நீங்களும் வாசிங்க மக்களே. வரட்டா!